எரித்த சீட்டு

செப்டம்பரில், தொழிலாளர் தின விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி. கழுத்தில் இரண்டு அடையாள அட்டைகளைத் தொங்கவிட்டிருந்த ஒருவன் காப்பர் லான்டர்ன் சூதாட்ட விடுதியின் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் வந்து நின்றான். அங்கே ஆட்களை உட்கார வைக்கும் மைட்டே எச்சார்ட் மெனு அட்டை ஒன்றை உருவினாள்.

"ஒருத்தரா?"

"சாப்பிட வரல, மேடம். உங்களப் பாக்க வந்தேன்."

அவள் அட்டையைத் திரும்ப வைத்தாள். பிப்ரவரிக்குப் பிறகு அவளைப் பார்க்க வந்த யாரும் நல்லதுக்கு வந்ததில்லை. சிலர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளக் கேட்டார்கள். ஒருவன் சட்டைப் பையிலிருந்து ஸ்பேடு ஏஸை எடுத்து அவள் முன்னால் வைத்து, "இதுதானா அந்தக் காணாமப் போன சீட்டு?" என்று கேட்டுவிட்டுத் தன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான்.

"நீல் டாகெட்," என்றான் வந்தவன். "செனட்டர் வோஸ்பர்க்கோட பிரச்சாரத்துல இருக்கேன். சனிக்கிழமை செனட்டர் உங்க எல்கோ ஊருக்கு வர்றாங்க. சந்தை மைதானத்துல கூட்டம். கவர்னர் லாஷ்லியும் வர்றார்."

"ரெண்டு பேருமா?"

"ஒரே மேடை. இதுவரைக்கும் எங்கயும் அப்படி நிக்கல. எங்க வேணா வச்சிருக்கலாம். எல்கோலதான் வைக்கணும்னு செனட்டரே சொன்னாங்க."

"எல்கோல என்ன இருக்கு?"

டாகெட் புன்னகைத்தான். "நீங்க இருக்கீங்க."

பிப்ரவரியில் நடந்தது இவ்வளவுதான். கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய ஊர்க்காரர்கள் வட்டாரம் வட்டாரமாகக் கூடி, தங்களுக்குப் பிடித்தவர் பக்கம் போய் நின்றார்கள். மைட்டேயின் வட்டாரம் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் கூடியது. அவள்தான் தலைமை. வோஸ்பர்க் ஆட்கள் பால் பெட்டிகளின் பக்கம் நின்றார்கள். லாஷ்லி ஆட்கள் ஜன்னல் பக்கம். எண்ணினால் சரிசமம். கோட்டைக் கழற்றி வைக்கப் போனவரைக் கூப்பிட்டு நிறுத்தித் திரும்ப எண்ணினார்கள். சரிசமம். இப்படி வந்தால் வேறு மாநிலங்களில் காசு சுண்டுவார்கள். எல்கோ இருக்கும் நெவாடாவில் சீட்டு. பக்கத்துக்கு ஒருவர் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். பெரிய சீட்டு ஜெயிக்கும்.

மைட்டேயும் வோஸ்பர்க் ஆள்தான். கோட்டில் வோஸ்பர்க் பெயர் போட்ட பிரச்சார வில்லையைக் குத்தியிருந்தாள். அதனாலேயே எல்லாவற்றையும் எல்லோர் கண் முன்பும் செய்தாள். புதுக் கட்டைப் பிரித்தாள். கலைத்தாள். லாஷ்லி பக்கம் நின்ற ஓரின் பக் என்பவனைக் கூப்பிட்டுக் கட்டை வெட்டச் சொன்னாள். பிறகு மேல் சீட்டை, கவிழ்ந்தபடியே, ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

அதை எரிப்பது என்பார்கள். சூதாட்ட மேசையில் சீட்டுப் போடுகிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு கட்டுக்கும் செய்வது. மேல் சீட்டை யாராவது ஓரக்கண்ணால் பார்த்திருக்கலாம். அதனால் அந்தச் சீட்டையே ஆட்டத்திலிருந்து விலக்கிவிடுவது. எரித்த சீட்டை யாரும் பார்க்க மாட்டார்கள். எரித்தவளும் பார்க்க மாட்டாள். அப்போது விடுதியில் அதே வேலை பார்த்த மைட்டே யோசித்துச் செய்யவில்லை. காரில் உட்கார்ந்ததும் கை பெல்ட்டுக்குப் போவதுபோல் போனது.

ஓரின் எடுத்தது கிளாவர் நாலு. வோஸ்பர்க் பக்கத்து நர்ஸ் எடுத்தது ஜாக்கி. மைட்டே எரித்த சீட்டையும் சேர்த்துக் கட்டில் கலந்து உறையில் போட்டாள். பிறகு நாற்காலிகளை மடக்கப் போய்விட்டாள்.

லாஷ்லிக்காக வேலை செய்யக் கலிஃபோர்னியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண், அவள் மேல் சீட்டைத் தள்ளி வைத்ததைக் கைபேசியில் படம் பிடித்திருந்தாள். அன்றைக்கே லாஸ் வேகஸ் மேடையில் லாஷ்லி சொன்னார். "எல்கோல ஒரு அம்மா மேல் சீட்ட எடுத்து ஒளிச்சுட்டாங்க. நண்பர்களே, அது நம்ம சீட்டு."

மறுநாள் ஒரு நிருபர் தொலைபேசியில் கேட்டபோது மைட்டே உள்ளதைச் சொன்னாள். "ஆமா, எரிச்சேன். எப்பவும் எரிக்கறதுதான்."

எல்கோவில் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். நிருபர் நியூயார்க்கில் இருந்தார். சாயங்காலத்துக்குள், திருடிய சீட்டைத் தீ வைத்துக் கொளுத்திய கிழவியாக அவளை நாடு தெரிந்துகொண்டது. அதன் பிறகு எரிப்பது என்றால் என்ன என்று யாரோ எங்கோ விளக்கினார்கள். அதை யார் படித்தார்கள் என்று தெரியவில்லை. லாஷ்லியின் கூட்டங்களில் ஆட்கள் சீட்டுகளைத் தூக்கிப் பிடித்து "எங்க சீட்டக் குடு" என்று கத்தினார்கள். சட்டையில் அச்சடித்தார்கள். ஏப்ரலில் அவர் தோற்று விலகும்வரை கத்தினார்கள்.

அதற்கு முன்பே, மார்ச்சில், வெண்டெல் ஹால்வர்சன் அவளை மேசையிலிருந்து எடுத்துவிட்டான். விடுதியின் மேசைகள் அவன் பொறுப்பு. அவள் புதிதாகச் சேர்ந்தபோது வேலை பழக்கியவனும் அவன்தான்.

"உம்மேல எனக்குச் சந்தேகம் இல்ல, மைட்டே. ஆனா சந்தேகம் வந்து மேசைல உக்காரக் கூடாது. வர்றவன் எவனும் சீட்டப் பாக்கறதில்ல. உன் கையத்தான் பாக்கறான்."

"பாக்கட்டுமே. கைல என்ன இருக்கு?"

"பாத்துட்டு எந்திரிச்சுப் பக்கத்து விடுதிக்குப் போறான்."

அவளைச் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நிறுத்தினான். நிறுத்தும்போது ஒன்று சொன்னான். "அந்தாளு டிவில சொன்னான். டிவிலயே இல்லன்னு சொல்லட்டும். மறுநாள் நீ மேசைல நிக்கற. மேல இருக்கறவங்ககிட்ட இத நான் பேசி வாங்கிருக்கேன்."

அன்றிலிருந்து அவள் ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். லாஷ்லி அலுவலகத்துக்குத் தொலைபேசினாள். செனட்டர் அலுவலகத்துக்கும்தான். இரண்டு இடத்திலும் இனிமையான குரல்கள் அவள் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டுக்கொண்டன.

இப்போது டாகெட்டிடம் கேட்டாள். "லாஷ்லி சொல்வாரா?"

"என்னத்த?"

"நான் ஏமாத்தலன்னு."

"மேடம், அதுக்குத்தான இந்தக் கூட்டமே. காயம் ஆறணும். கட்சி ஒண்ணாகணும். அவர் பேச்சுல உங்களுக்குன்னே ஒரு இடம் இருக்கு."

"அதுல என்ன இருக்கு?"

"நல்லதுதான் இருக்கு," என்றான் டாகெட். அவனுடைய இரண்டு கைபேசிகளில் ஒன்று அதிர்ந்தது.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓரின் பக் வந்தான். அவன் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்ப்பவன். அவளுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறான். முன்பெல்லாம் ஊரில் குடியேறிய பாஸ்க் இனத்தவரின் சங்கத்து விருந்தில் இருவரும் ஒரே நீள மேசையில் உட்கார்ந்து ஆட்டுக்கறியைத் தட்டு மாற்றித் தட்டு கொடுத்துச் சாப்பிட்டவர்கள். பிப்ரவரிக்குப் பிறகு ஓரின் மேசையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டான்.

"ஒருத்தரா?" என்றாள் மைட்டே.

"ஒருத்தன்தான். ஆப்பிள் பை இருக்கா?"

"இருக்கு."

"அத எரிச்சுடலியே?"

அவள் அவனை ஜன்னலோர மேசைக்கு அழைத்துப் போனாள். மெனுவை வைத்துவிட்டு நின்றாள்.

"உன்னையும் கூப்பிட்டிருக்காங்களா?"

"முதல் வரிசை," என்றான் ஓரின். "கை தட்டணுமாம்."

"தட்டுவியா?"

"பிப்ரவரில சீட்டத் தூக்கிக் காட்டச் சொன்னாங்க, காட்டினேன். இப்ப தட்டச் சொல்றாங்க. எனக்கு இருக்கறது அதே ரெண்டு கைதான்."

"நீதான வெட்டின, ஓரின். பக்கத்துல நின்ன. நான் பாக்கலன்னு உனக்குத் தெரியும்."

"நான் நாலு எடுத்தேன்னு எனக்குத் தெரியும்."

"அது பதிலா?"

"மேல இருந்தது ராஜாவா இருந்திருக்கலாம்."

"ரெண்டாவும் இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்." அவன் முள்கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீ பாத்திருந்தா இப்ப சொல்லிருப்ப. எல்லாம் முடிஞ்சிருக்கும். நேர்மையா இருக்கேன்னு பாக்காம விட்ட. இப்ப யார் நம்பறா?"

"நீ நம்பறியா?"

பணிப்பெண் ஆப்பிள் பைத் துண்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஓரின் அதைச் சாப்பிட ஆரம்பித்தான்.

*

சனிக்கிழமை காற்று பலமாக இருந்தது. மேடைக்குப் பின்புறம் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளிலிருந்து தூசி பறந்தது. யாரோ ஒரு பச்சை டிராக்டரைக் கேமராவில் தெரிகிற மாதிரி நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்கள். அது ஓடுமா என்று யாரும் கேட்கவில்லை. மைட்டே தன் வேலை உடுப்பில் வந்திருந்தாள். வெள்ளைச் சட்டை, கறுப்பு அரைக்கோட்டு. மார்ச்சுக்குப் பிறகு அதை இன்றுதான் எடுத்தாள். டாகெட் அப்படித்தான் கேட்டிருந்தான்.

மேடைக்குப் பின்னால் ஒரு கூடாரம். அதில் ஒரு கோடியில் செனட்டர் ஆட்ரி வோஸ்பர்க் உட்கார்ந்திருந்தார். மறு கோடியில் முன்னாள் கவர்னர் க்ரேடி லாஷ்லி. இருவருக்கும் தனித்தனி மின்விசிறி, தனித்தனி ஆட்கள். நடுவில் தண்ணீர்ப் பாட்டில்கள் இருந்த மேசை. அதைத் தாண்டி யாரும் போகவில்லை.

மைட்டே தாண்டிப் போனாள்.

லாஷ்லி எழுந்து நின்றார். டிவியில் தெரிவதைவிட உயரம். அவளுடைய ஒரு கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"நீங்கதானா அது. எங்க வீட்ல உங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல."

"எங்க வீட்லயும் உங்களப் பத்தித்தான் பேச்சு, கவர்னர்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்துப்போனது. அதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

"எனக்கு ஒரு வாக்கியம் போதும்," என்றாள். "அந்தம்மா ஏமாத்தல, அவங்க தொழில் முறை அது. அவ்வளவுதான். நீங்க மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம். அத நான் எதிர்பாக்கல."

"பெரிய மனசு உங்களுக்கு."

"சொல்வீங்களா?"

"சொல்லாம? அதுக்குத்தான வந்திருக்கேன்." அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வேறு யாரையோ பார்த்தார்.

டாகெட் அவளை ஓரமாக அழைத்துப் போய் ஒரு சீட்டுக் கட்டைக் கொடுத்தான். உறை ஏற்கெனவே பிரித்திருந்தது.

"நீங்க மேடைக்கு வர்றீங்க. கலைக்கறீங்க. கவர்னர் ஒரு சீட்டு எடுக்கறார், செனட்டர் ஒரு சீட்டு எடுக்கறாங்க. ரெண்டு பேரும் தூக்கிக் காட்டறாங்க. ரெண்டுமே ஏஸ்."

"ரெண்டுமே ஏஸ் எப்படி வரும்?"

"மேல ரெண்டும் ஏஸ்தான். வச்சாச்சு."

மைட்டே கட்டைவிரலால் கட்டின் ஓரத்தைத் தடவினாள். "கலைச்சா போயிடுமே."

"கலைக்க வேண்டாம். கலைக்கற மாதிரி."

"அந்த மாதிரிக்கு எங்க தொழில்ல வேற பேரு."

"மேடம், இது சூதாட்டம் இல்ல. பிரச்சாரம்."

"என்னால முடியாதுன்னா?"

டாகெட் எரிச்சல்படவில்லை. களைத்திருந்தான். "முடியாதுன்னா சீட்டு கிடையாது. சீட்டு கிடையாதுன்னா கவர்னர் பேச்சுல அந்த இடமும் கிடையாது. ரெண்டும் ஒண்ணாத்தான் எழுதிருக்கு. உங்க இஷ்டம்."

அவள் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அது செய்யத் தெரியும். சேர்ந்த முதல் மாதம் ஹால்வர்சன் காலி மேசையில் நின்று செய்து காட்டினான். பாக்கறவனுக்குக் கட்டு மொத்தமும் கலையற மாதிரி இருக்கும், மேல ரெண்டும் அசையாது, எவனாவது செஞ்சா உனக்குப் பிடிக்கத் தெரியணும் என்றான். அவள் வீட்டுச் சமையலறையில் கை படியும்வரை செய்து பார்த்தாள். பிறரைப் பிடிப்பதற்காக. யார் முன்பும் செய்ததில்லை.

திங்கட்கிழமை காலை மேசையில் நிற்பதாக நினைத்துப் பார்த்தாள். பச்சைத் துணி. உட்காருபவர்கள் பேச்சுக் கொடுப்பார்கள். யாரும் கையைப் பார்க்க மாட்டார்கள்.

வெளியே அறிவிப்பாளர் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். செனட்டரும் கவர்னரும் அவரவர் கோடியிலிருந்து எழுந்து வந்து திரைக்குப் பின்னால் நின்றார்கள். மைட்டே அவர்களுக்கு ஒரு அடி பின்னால் நின்றாள்.

"எந்தக் கையக் கோக்கறது?" என்றார் லாஷ்லி.

"இடது. வலது பக்கம் கேமரா."

"அயோவா கூட்டத்துல நீ என் பையனப் பத்திச் சொன்னத என் மனைவி இன்னும் மறக்கல, ஆட்ரி."

"வெளியுறவு மந்திரி பதவி வேணும்னா மறக்கச் சொல்லு."

திரை விலகியது. இருவரும் கைகோத்துக்கொண்டு வெயிலுக்குள் சிரித்தபடி போனார்கள்.

*

லாஷ்லி முதலில் பேசினார். நன்றாகப் பேசினார். ஆட்ரி என் தங்கை மாதிரி என்றார். ஒரே வீட்டில் இரண்டு பேர் சத்தம் போட்டுக்கொண்டால் வீடு இடிந்துவிடுமா என்று கேட்டார். கூட்டம் இல்லை என்றது. பிறகு அவர் கையை நீட்டி மைட்டேயை மேடைக்கு அழைத்தார்.

முதல் வரிசையில் ஓரின் உட்கார்ந்திருந்தான். தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்திருந்தான். கூட்டத்தின் பின் ஓரத்தில், வேலி அருகே, ஹால்வர்சன் நிற்பது தெரிந்தது. அவன் அரசியல் கூட்டத்துக்கு வருகிறவன் இல்லை. எனக்காக வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். தெம்பாக இருந்தது.

கலைத்தாள். இருபுறமும் இருந்த பெரிய திரைகளில் அவள் கைகள் மட்டும் தெரிந்தன. கை மறக்கவில்லை. சீட்டுகள் பறவை போல மடங்கி விரிந்தன, கூட்டம் சீட்டியடித்தது. கலைத்து முடித்ததும் கட்டைவிரல் தானாக மேல் சீட்டுக்குப் போய் அதைத் தள்ளப் பார்த்தது. தள்ளினால் ஏஸ் போய்விடும். விரலை இழுத்துக்கொண்டாள்.

லாஷ்லி எடுத்தார். ஸ்பேடு ஏஸ். வோஸ்பர்க் எடுத்தார். ஆர்ட்டின் ஏஸ். இருவரும் தூக்கிக் காட்டினார்கள். மைதானம் எழுந்து நின்று கத்தியது.

லாஷ்லி கத்தி முடியட்டும் என்று காத்திருந்தார். பிறகு மைட்டேயின் தோளில் கை போட்டார்.

"எல்கோ," என்றார். "பிப்ரவரில இந்த ஊர்ல எனக்கு ஒரு நாலு வந்துச்சு."

சிரிப்பு.

"கோவப்பட்டேன். இந்த அம்மா மேல கோவப்பட்டேன். கொஞ்சம் ஜாஸ்தியாவே பட்டேன்."

சிரிப்பு. மைட்டேயும் சிரித்தாள். இதோ வருகிறது என்று நினைத்தாள். திரையில் அவள் முகம் தெரிந்தது.

"ஆனா நாடு பெரிசு. ஒரு சீட்டு சின்னது. ஆட்ரியும் நானும் பழசையெல்லாம் மறந்து ஒண்ணா நிக்க முடியும்னா, இத மட்டும் எதுக்குத் தூக்கிச் சுமக்கணும்? அதனால உங்க எல்லார் முன்னாடியும், நாடு பாக்க, ஒண்ணு சொல்லிடறேன்." அவர் அவள் பக்கம் திரும்பினார். கண்கள் ஈரமாக இருந்தன. "மைட்டே, உங்கள நான் மன்னிச்சுட்டேன்."

கூட்டம் மறுபடி எழுந்தது. இந்தத் தடவை கத்தவில்லை. கை தட்டியது. நீண்ட நேரம், நெகிழ்ந்துபோய்த் தட்டியது. முதல் வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓரின் தொப்பியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினான்.

மைட்டே வாயைத் திறந்தாள். மைக் லாஷ்லியின் மறு கையில் இருந்தது. அவர் அதை இறக்கிப் பிடித்திருந்தார்.

"இல்ல," என்றாள். "அது இல்ல."

"தெரியும், தெரியும்," என்றார் லாஷ்லி. அவளை அணைத்துக்கொண்டார்.

செனட்டர் இந்தப் பக்கம் வந்து அவளுடைய மறு கையைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து அவள் கைகளைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். கேமராக்களின் பக்கம் சிரித்தபடியே செனட்டர் பேசினார். உதடு அதிகம் அசையவில்லை.

"அன்னிக்கு எனக்காக நீங்க செஞ்சத நான் மறக்கல. என்னிக்கும் மறக்க மாட்டேன்."

மைட்டே திரும்பிப் பார்த்தாள். "நான் எதுவும் செய்யல, செனட்டர்."

"தெரியும்." செனட்டர் அவள் விரல்களை ஒருமுறை அழுத்தினார். ரகசியம் தெரிந்தவர்கள் அழுத்துவதுபோல.

கீழே இறங்கியதும் டாகெட் எதிரில் வந்தான். "அருமை, மேடம். பிரமாதம்."

"அவர் சொல்லல."

"சொன்னாரே. எல்லாரும் அழுதாங்க."

"மன்னிச்சுட்டேன்னார். தப்பு செஞ்சவங்களத்தான மன்னிப்பாங்க."

டாகெட் ஒரு நிமிஷம் உண்மையாகவே யோசித்தான். "அப்படி யாரும் எடுத்துக்க மாட்டாங்க, மேடம்," என்றான். பிறகு இரண்டு ஏஸ்களையும் அவளிடம் நீட்டினான். இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "ஞாபகமா வச்சுக்கங்க."

அவள் வேலிப் பக்கம் பார்த்தாள். ஹால்வர்சன் போய்விட்டிருந்தான்.

*

திங்கட்கிழமை காலை அவள் வேலைக்குப் போனபோது சாப்பாட்டுக் கூடத்து வாசலில் வேறொரு பெண் மெனு அட்டைகளோடு நின்றாள்.

"வெண்டெல் உங்கள மேசைக்கு வரச் சொன்னார்," என்றாள். "உங்க பழைய மேசை."

மைட்டே நேராகப் போகவில்லை. கழிவறைக்குப் போய்க் கை கழுவினாள். தலையைச் சரி செய்துகொண்டாள். மன்னித்தாரோ, என்ன செய்தாரோ, வெண்டெல் மேலே பேசிச் சமாளித்துவிட்டான் என்று தோன்றியது.

அந்த நேரத்தில் ஆட்டக்காரர்கள் அதிகம் இல்லை. சுரங்கத்தில் இரவு வேலை முடிந்து வந்த இரண்டு பேர் சூதாட்ட இயந்திரங்களின் முன்னால் அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய மேசையின் உறை நீக்கியிருந்தது. துணிமேல் ஒரு புதுக் கட்டு. ஹால்வர்சன் ஆட்டக்காரர்கள் உட்காரும் பக்கம் உட்கார்ந்திருந்தான்.

மைட்டே மறுபக்கம் போய் நின்றாள். மேசைக்கு வருகிறவர்கள் செய்கிறபடி, கைகளை ஒருமுறை தட்டி, உள்ளங்கைகளை விரித்து, மேலே கூரையில் இருந்த கேமராவுக்குக் காட்டினாள்.

"பாத்தேன்," என்றான் ஹால்வர்சன்.

"நீ வந்தது தெரியும். வேலியோரம்."

"அங்க பாத்தேன். அப்புறம் டிவில பாத்தேன். அப்புறம் ஃபோன்ல, நிறுத்தி நிறுத்திப் பாத்தேன்."

"மன்னிச்சுட்டாராம் என்னை."

"அத விடு. அந்தாளு மன்னிச்சாலும் மன்னிப்புக் கேட்டாலும் மேல இருக்கறவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான். சண்ட முடிஞ்சா போதும் அவங்களுக்கு. அவர் என்ன சொன்னாலும் சரி, திங்கக்கிழமைலேருந்து இந்த மேசை உனக்குத்தான்னு வெள்ளிக்கிழமையே பேசி முடிச்சுட்டேன்."

மைட்டே கட்டை எடுக்கக் கை நீட்டினாள். அவன் அதன்மேல் விரலை வைத்தான்.

"நல்லாக் கலைச்ச," என்றான்.

அவள் நீட்டிய கையைத் துணிமேல் விரித்து வைத்தாள்.

"ரொம்ப நல்லா. அன்னிக்கு நான் உனக்குக் காட்டினதவிட நல்லா. மேல ரெண்டும் அசையவே இல்ல. அங்க நின்னவங்க ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அவங்க கட்டு அது, வெண்டெல். படம் எடுக்கறதுக்கு. அத செஞ்சாத்தான் அந்தாளு சொல்வார்னாங்க."

"அப்படித்தான் இருக்கும்னு நானும் நினைச்சேன்."

"வேற என்ன செய்யச் சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்லலியே." அவன் கட்டைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டான். "மேல் சீட்டயும் நீ எரிக்கல."

"எரிச்சா ஏஸ் போயிடும்."

"ஆமா. போயிடும்."

இயந்திரத்தின் முன்னால் இருந்தவர்களில் ஒருவன் விழித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினான். மணிகள் அடித்து ஓய்ந்தன.

"பிப்ரவரிலேருந்து எல்லாரும் என்கிட்டத்தான் கேட்டாங்க," என்றான் ஹால்வர்சன். "முதலாளி கேட்டார். போலீஸ்காரன் கேட்டான். என் தங்கச்சி கேட்டா. எல்லார்கிட்டயும் ஒரே பதில்தான் சொன்னேன். அவளுக்கு அது வராது, அவ கை அந்தப் பக்கமே போகாதுன்னு சொன்னேன். யோசிக்காமச் சொன்னேன்."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் விரித்தபடி இருந்த அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிப்ரவரில நீ எரிச்ச அந்த மேல் சீட்டு என்ன, மைட்டே?"